அரக்கு நிறமும் சங்கத்தின் சொல்லும்

நம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விலைப் பட்டியல்களிலும், சேலைகளில் கட்டித் தொங்கவிடும் சீட்டுகளிலும் ‘ஒயின் கலர்’ என்றொரு பெயர் சில ஆண்டுகளாக இடம்பெற்று வருவதை அங்கத்தினர்கள் அறிவர். அந்நிறத்தை நம் பாட்டிமார் அரக்கு என்றனர். இன்றும் டி. கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கத்துப் பெண்மணிகள் கலியாணத்திற்குச் சேலை எடுக்கப் புறப்படும்போது, அரக்கில் ஒன்று பார்க்க வேண்டும் என்றே சொல்லுகின்றனர். பெயர் மாறினால் என்ன, நிறம் அதுதானே என்று சிலர் கேட்கலாம். பெயர் மாறியபின் நிறம் அதுவாக நிலைப்பதில்லை என்பதும், அதனால் நெசவாளியின் கூலிக்கும் சாயம் தோய்ப்பவரின் உடல்நலத்திற்கும் கேடு நேர இடமுண்டு என்பதும் நம் கருத்து. அதனை இங்கே ஒருவாறு விரித்துரைக்க விரும்புகிறோம்.

மதுவின் பெயரால் நிறம்

மதுவின் பெயரை நிறத்திற்கு இடுவது ஐரோப்பியர் வழக்கம். பர்கண்டி என்பது பிரான்சு தேசத்தின் ஒரு பகுதி. அங்கே விளையும் திராட்சையிலிருந்து இறக்கும் மதுவுக்கும் அதுவே பெயர். அம்மதுவை ஒத்த கருஞ்சிவப்புக்கும் அதுவே பெயராயிற்று. போர்டோ என்பது அந்நாட்டின் தென்மேற்கில் உள்ள துறைமுக நகரம். அதன் மதுவும், அம்மதுவின் நிறமும் ஊரின் பெயரையே பெற்றன. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1453 வரை அந்தப் பிரதேசம் ஆங்கில அரசர்களின் ஆளுகையில் இருந்தமையால், போர்டோ மது பெருவாரியாக இங்கிலாந்து சென்றது. ஆங்கிலேயர் அதனைக் கிளாரெட் என்று வழங்கினர். கிளாரெட் என்னும் சொல்லுக்கு முதற்பொருள் தெளிந்தது, வெளிறியது என்பதாம். வெளிறிய மதுவைக் குறித்த சொல் நாளடைவில் அடர்ந்த சிவப்பு மதுவைக் குறித்து, பின்னர் அந்த அடர்ந்த சிவப்பையே குறிக்கலாயிற்று. ஒரு சொல் எத்துணைத் தூரம் நடந்துவிட்டது பாருங்கள்.

மதுவோ எனில் ஒரே நிறத்தில் நிற்பதும் அன்று. புதிதாக இறக்கியபோது ஊதா கலந்த சிவப்பாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லச் செங்கல் நிறத்தை அடையும். பர்கண்டிச் சிவப்பு பெரும்பாலும் போர்டோவைக் காட்டிலும் வெளிறியே காணும். அம்மதுவைப் பரம்பரையாக அருந்தி வருபவர் நாட்டிலேயே ‘மது நிறம்’ என்பதற்கு ஓர் அளவு இல்லை. அவ்வாறிருக்க, அதனைக் கண்ணாலும் கண்டறியாத நம் சாயக்காரர் எதைப் பார்த்துத் தோய்ப்பார்?

நம் நாட்டு வழக்கு இன்னும் விந்தையானது. சாராய வகைகளை விற்கும் கடைக்கு நம் ஊர்களில் ‘ஒயின் ஷாப்’ என்று பெயர். டாஸ்மாக் நிறுவனம் 1983ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. சில்லறை விற்பனையையும் அதுவே ஏற்றது 2003ஆம் ஆண்டில். தனியார் நடத்திய காலத்து ‘ஒயின் ஷாப்’ என்னும் பெயர் மட்டும் மக்கள் நாவில் தங்கிவிட்டது. அங்கே பெரும்பாலும் விற்பது பிராந்தியும் ரம்முமேயன்றித் திராட்சை மது அன்று. ஆகவே ‘ஒயின் கலர்’ என்று கேட்டவுடன் நம் சிற்றூர்ச் சாயக்காரரின் மனத்தில் எழுவது, புட்டியில் உள்ள பழுப்பு நிறமாக இருப்பினும் வியப்பதற்கில்லை.

அரக்கு என்னும் சொல்

அரக்கு என்பது அவ்வாறு காற்றில் மிதக்கும் சொல் அன்று. கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பண்டத்தின் பெயர். புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் ஒருவகைச் சிறு பூச்சிகள் கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, தம்மைச் சுற்றி ஒரு பிசினைச் சுரந்து மூடிக்கொள்ளுகின்றன. பிசின் படிந்த கொம்புகளை ஒடித்து, நொறுக்கி, நீரில் அலசினால், பூச்சியின் உடலில் உள்ள செஞ்சாயம் நீரில் இறங்கும். எஞ்சிய பிசினை உருக்கினால் அரக்கு. ஒரு பூச்சியிலிருந்து சாயம், பிசின் என இரு பண்டங்கள் கிடைக்கின்றன. வளையலுக்கும், மரப் பொம்மைக்கு மெருகிடவும், பழைய நாளில் கிராமபோன் இசைத்தட்டுக்கும் பயன்பட்டது இப்பிசினே. இன்று நம் நாட்டில் ஜார்க்கண்டு, சத்தீஸ்கர் மாநிலங்களில் இது மிகுதியாக விளைகிறது. இதற்கென ராஞ்சியை அடுத்த நாம்கும் என்னும் இடத்தில் 1924ஆம் ஆண்டிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

சங்கப் புலவர்கள் சிவப்புக்கு உவமை தேடியபோது அரக்கை எடுத்தாண்டனர். பாண்டவரை எரிக்கத் துரியோதனன் கட்டுவித்த மாளிகை அரக்கு மாளிகை என்பதைத் தெருக்கூத்துப் பார்த்த சிறுவரும் அறிவர். அரக்கு முத்திரை இல்லாமல் நம் முன்னோர் காலத்தில் கச்சேரிக் கடிதமும் இல்லை, தபால் கட்டும் இல்லை. வடமொழியில் லாக்ஷா என்பதும் ஆங்கிலத்தில் லாக் என்பதும் இப்பண்டமே. ஓவியர் பயன்படுத்தும் ஒருவகை வண்ணத்தை ஆங்கிலத்தில் லேக் என்பதும் இதன் வழியாகப் பிறந்த சொல்லே.

இங்கே ஒரு தடை எழலாம். அரக்கு என்பதற்குச் சாராயம் என்ற பொருளும் உண்டே, ஒயினை விடுத்து அரக்குக்கு வந்தால் என்ன வேற்றுமை என்று நண்பர் ஒருவர் நம்மை மடக்கினார். உண்மைதான். இலங்கையில் சிங்களவர் தென்னஞ்சாராயத்தை அரக்கு என்றே வழங்குகின்றனர். ஆயினும் அது வேறு வழியில் வந்த சொல். அரபு மொழியில் அரக் என்றால் வியர்வை. வாலையில் துளித்துளியாக வடிவதால் சாராயத்திற்கு அப்பெயர் ஆயிற்று. ஆங்கிலேயர் அதனை அர்ராக் என்றனர். பிசினைக் குறிக்கும் அரக்கும், சாராயத்தைக் குறிக்கும் அரக்கும் ஒலியால் ஒன்றுபட்ட இரு வேறு சொற்கள். ஐரோப்பாவில் நிறம் மதுவிலிருந்து பெயர் பெற்றது. நம்மிடையே நிறம் தொழிலிலிருந்து பெயர் பெற்றது. மது அதே ஒலியோடு பின்னால் வந்து சேர்ந்தது. நம் பக்கத்துத் தமிழ் வழக்கில் சாராயம் சாராயமாகவே நின்றுவிட்டமையால், அரக்கு என்றால் நிறமே நினைவுக்கு வருகிறது. அதைப் போற்றிக் கொள்வது நலம்.

சாயத்தொட்டிக்குள் வந்த போர்டோ

அரக்குச் சாயம் பட்டிலும் கம்பளியிலும் நன்றாகப் பிடிக்கும். பருத்தியில் எளிதில் பிடிப்பதில்லை. ஆதலின் நம் மதுரை வட்டாரத்துப் பருத்தித் துணிக்கு அரக்கு நிறம் வந்தது சாயவேரினால். கடலோர மணற்பாங்கில் விளையும் சிறு செடி அது. இலங்கையின் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் அதனைத் தோண்டும் உரிமையை டச்சுக்காரர் தம் கையில் வைத்திருந்தனர் என்றால் அதன் மதிப்பை ஊகிக்கலாம். நூலை நல்லெண்ணெயிலும் உமரிச் சாம்பல் நீரிலும் மாறிமாறி நனைத்துக் காயவைத்து, பல நாட்கள் கழித்து வேர்த்தூளோடு கொதிக்கவைப்பர். மதுரையின் சௌராஷ்டிர சமூகத்தார் இதில் கைதேர்ந்தவர். அவர்கள் கைவண்ணமாகிய சுங்குடிச் சேலைக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

1868ஆம் ஆண்டில் கிரேபே, லீபர்மான் என்னும் இரு ஜெர்மானிய ரசாயனியர் அலிசரின் என்னும் செஞ்சாயத்தைச் செயற்கையாகச் செய்தனர். சாயவேரில் உள்ளதும் அதே பொருள்தான். பல நாள் வேலை குறுகியது. வேர் தோண்டியவர் தொழிலிழந்தனர். அதன்பின் வந்தது நாப்தால். நூலை முதலில் நாப்தாலும் காஸ்டிக் சோடாவும் கரைத்த தொட்டியில் நனைத்துப் பிழிந்து, பின் ‘பேஸ்’ என்னும் மற்றொரு பொருளைப் பக்குவப்படுத்திய தொட்டியில் தோய்த்தால், நிறம் நூலுக்குள்ளேயே உண்டாகும். எந்த பேஸ் என்பதைப் பொறுத்து எந்த நிறம் என்பது அமையும். கருஞ்சிவப்புக்கு உரிய பேஸ்களில் ஒன்றன் பெயர் போர்டோ ஜி.பி.; மற்றொன்றன் பெயர் கார்னெட் ஜி.பி.சி. பிரான்சு நாட்டு மதுவின் பெயர் நம் கைத்தறிச் சாயப்பட்டறையின் தகர டப்பாவில் பல காலமாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதை எத்தனை பேர் கவனித்தோம்?

கவனிக்க வேண்டிய காரணம் உண்டு. இவ்விரண்டு பேஸ்களும் ஏறக்குறைய ஒரே சாயலான கருஞ்சிவப்பையே தரும். கண்ணால் பார்த்து இன்னது என்று எல்லாராலும் சொல்லிவிட முடியாது. ஆனால் கார்னெட் ஜி.பி.சி. என்பது ஆர்த்தோ அமினோ அசோ டொலுயீன் என்னும் பொருள். அது புற்றுநோய் விளைக்கக்கூடியது என வகைப்படுத்தப்பட்டு, ஐரோப்பிய நாடுகள் விலக்கி வைத்த 22 அமீன்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. ஜெர்மனி இத்தகைய சாயங்களுக்கு 1994ஆம் ஆண்டில் தடை விதித்தது. நம் மத்திய அரசும் 1997ஆம் ஆண்டில் 70 அசோ சாயங்களைக் கையாள்வதைத் தடை செய்தது. போர்டோ ஜி.பி. என்னும் பேஸ் ஐரோப்பியரின் 22 அமீன்களின் வரிசையில் இல்லை. எனினும் கையுறையின்றித் தொட்டியில் கைவைப்பது எந்த பேஸாயினும் தகாது.

இப்போது சிந்தியுங்கள். ‘ஒயின் கலர்’ என்ற இரண்டு சொற்களைத் தாங்கி ஓர் ஆர்டர் வருகிறது. சாயக்காரர் எந்த பேஸை எடுத்தார் என்பதைச் சீட்டு சொல்லாது, பதிவேடும் சொல்லாது. தோய்த்தபின் கொதிக்கும் சோப்பு நீரில் நன்கு அலசினாரா என்பதும் தெரியாது. அலசாவிடில் நாப்தால் சாயம் உராயும்போது ஒட்டும். அரக்குக் கரை வெள்ளை உடலில் இறங்கிச் சேலையே பாழாகும்.

ஒரு சங்கத்தில் நேர்ந்தது

பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு சங்கத்தின் பதிவேடுகளை நாம் பார்வையிட்டபோது ஒரு கோப்பு கண்ணில் பட்டது. வெளியூர் வியாபாரி ஒருவர் ஒயின் நிறக் கரை வைத்த சேலைகள் வேண்டும் என்று கடிதம் எழுதியிருந்தார். மாதிரி நூல் ஏதும் அனுப்பவில்லை, சங்கமும் கேட்கவில்லை. சாயப்பட்டறையில் வழக்கம்போல் அரக்கு தோய்த்துக் கொடுத்தனர். அங்கத்தினர்கள் நெய்தனர். சரக்குச் சென்றது, திரும்பி வந்தது. தாம் கேட்டது ஊதா ஓடிய சிவப்பு என்றும், வந்தது பழுப்பு ஓடிய சிவப்பு என்றும் வியாபாரி எழுதினார். அவர் கூற்றும் பொய்யன்று. சாயக்காரர் செய்ததும் பிழையன்று.

திரும்பிய சேலைகளைக் குறைச் சரக்கு என்று பெயரிட்டுத் தள்ளுபடியில் விற்றனர். நட்டத்தில் ஒரு பகுதி நெய்தவர்களின் கூலியில் பிடிக்கப்பட்டிருந்தது. பாவிலும் ஊடையிலும் ஓர் இழை தவறாமல் நெய்தவர் கூலியை, கடிதத்தில் ஒரு சொல் தெளிவில்லாமையால் பிடிப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? விதிப்படி நாம் எழுதவேண்டியதை எழுதினோம். ஆனால் ஒரு கோப்பில் குறிப்பு எழுதுவதால் நோய் தீராது. பெயருக்கு அளவு வகுக்காத வரை அது வேறு சங்கத்தில் தலைகாட்டும்.

பயிரிடுவோர் கற்றுத்தரும் பாடம்

இவ்விஷயத்தில் நெசவாளருக்கு வழிகாட்டக் கூடியவர்கள் நம் பயிரிடும் அங்கத்தினர்களே. கரிசற்காட்டில் பருத்தி விதைப்பவர் விதையின் பெயரை மட்டும் கேட்டு வாங்குவதில்லை. ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை என்பது அவர்களுக்குத் தெரியும். அட்டையில் ரகம், குவியல் எண், சோதித்த நாள் அனைத்தும் உண்டு. விதை முளைக்காவிடில் அந்த எண்ணைக் கொண்டு கேள்வி கேட்கலாம். ஒரு படி விதைக்கு இத்தனை காவல் இருக்க, பல நாள் உழைப்பால் உருவாகும் சேலையின் நிறத்திற்கு ஒரு எண்ணும் இல்லை என்பது தகுமா?

டி. கல்லுப்பட்டியில் வாழும் நமக்கு இதனைச் சொல்லித்தர வெளியூரிலிருந்து ஒருவர் வரவேண்டியதும் இல்லை. 1940ஆம் ஆண்டில் கோ. வேங்கடாசலபதி நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமம் இங்கே இருக்கிறது. 1892ஆம் ஆண்டில் தஞ்சையில் பிறந்து, 1960 ஜனவரி 30ஆம் நாள் மறைந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தது அங்கேதான். கணக்காளராகப் பயின்ற அப்பெரியார் வலியுறுத்திய கருத்துகளுள் ஒன்று யாதெனில், ஒரு பண்டத்தை வாங்குபவர் அப்பண்டம் உண்டான முறைக்கும் பொறுப்பாளி ஆவார் என்பது. வாங்குபவர் பொறுப்பேற்க வேண்டுமானால், விற்பவர் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். நிறத்தின் பெயர் மயக்கமாக இருக்கும்போது எந்த வாடிக்கையாளர் எந்தப் பொறுப்பை ஏற்க இயலும்?

அவர் மதுவிலக்கிலும் உறுதியானவர். சென்னை மாகாணம் முழுவதும் 1948ஆம் ஆண்டில் வந்த மதுவிலக்கு 1971ஆம் ஆண்டில் தளர்த்தப்பட்டு, 1974ஆம் ஆண்டில் மீண்டு, 1981ஆம் ஆண்டில் மறுபடியும் தளர்ந்த வரலாற்றை இங்கே விரிக்கவில்லை. கூலி நாளன்று தறிக்காரரின் வீடு எந்தக் கடையால் காலியாகிறது என்பதை அந்த வீட்டுப் பெண்மணிகள் நம்மினும் நன்கறிவர். அந்தக் கடையின் பெயரையே அவர்கள் வீட்டில் நெய்த சேலைக்கும் சூட்டுவது நமக்கு உவப்பாக இல்லை. ஆயினும் நம் வாதம் இந்த மனக்கசப்பின் மேல் நிற்பதன்று. கூலி, உடல்நலம், நாணயம் என்னும் மூன்றன்மேல் நிற்பது.

செய்யவேண்டுவன

முதலாவது, சங்கத்தின் ஏடுகள் அனைத்திலும் இந்நிறத்திற்கு அரக்கு என்ற ஒரே பெயர் வழங்குக. அதற்குள் பழுப்பு ஓடியது, ஊதா ஓடியது, சிவப்பு மிகுந்தது என வேறுபாடுகள் இருப்பின், அரக்கு 1, அரக்கு 2, அரக்கு 3 என எண்ணிட்டுக் கொள்க.

இரண்டாவது, ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று மாதிரிச் சிட்டங்கள் தோய்க்கப்பட வேண்டும். ஒன்று சங்கத்தின் பெட்டியிலும், ஒன்று சாயப்பட்டறையிலும், ஒன்று வாங்குபவரிடத்திலும் இருக்கட்டும். வெளிச்சம் படாத பெட்டியில் வைத்து, உறையின்மேல் அரக்கு முத்திரையே இட்டு வைத்தால் பொருத்தமாகவும் இருக்கும். ஒத்துப் பார்ப்பது பகல் வெளிச்சத்தில் நிகழவேண்டும்; விளக்கொளியில் கருஞ்சிவப்புகள் எல்லாம் உடன்பிறந்தவைபோல் தோன்றும். மாதிரியை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, சாயப் பதிவேட்டில் சாயத்தின் வகை, பேஸின் பெயர், டப்பாவின் குவியல் எண், சோப்பு நீரில் அலசிய விவரம் ஆகியவை எழுதப்பட வேண்டும். கார்னெட் ஜி.பி.சி. நம் சங்கங்களின் பண்டகசாலையில் நுழையவே கூடாது. சாயமேறிய சிட்டத்தை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்து, ஒட்டாததை மட்டுமே தறிக்கு அனுப்புக. இதற்குக் காசு செலவில்லை. ஒரு முழம் வெள்ளைத் துணி போதும்.

நான்காவது, எண் குறிப்பிடாத ஆர்டரில் நிறம் பற்றித் தகராறு நேர்ந்தால், நெசவாளியின் கூலியில் ஒரு காசும் பிடிக்கலாகாது என்று நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றி ஏட்டில் பதிவு செய்யவேண்டும். நான்கினுள் இது ஒன்றையேனும் உடனே செய்க என்று வேண்டுகிறோம்.

வெளியூர் வாடிக்கையாளருக்கு ஒயின், மெரூன் என்று சொன்னால்தான் விளங்குகிறது, விற்பனை குறையுமே என்று விற்பனையாளர்கள் அஞ்சலாம். அவர்கள் அச்சத்தை நாம் புறக்கணிக்கவில்லை. மெரூன் என்பதும் பிரெஞ்சு மொழியில் ஒரு கொட்டையின் பெயரிலிருந்து வந்ததே. வாடிக்கையாளர் தமக்குப் பழகிய பெயரால் கேட்கட்டும். கடையில் நிற்பவர் அவர் மொழியிலேயே விடை கூறட்டும். ஆனால் சீட்டில் அரக்கு 2 என்பது முதலில் அச்சாகட்டும். மற்றப் பெயர் வேண்டுமாயின் அதனடியில் வரட்டும். கடையில் பேசும் பெயர் பலவாக இருக்கலாம். கணக்கில் எழுதும் பெயர் ஒன்றாக இருக்கவேண்டும். கடன் ஏட்டிலும் இருப்பு ஏட்டிலும் நாம் கைக்கொள்ளும் நெறி இதுவேயன்றோ?

1935ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியபோது, தனித்தனியே நின்று தரகர் சொன்ன விலைக்கும் சொன்ன குறைக்கும் தலையசைத்த நெசவாளிக்கு, சொல்லுக்குச் சொல் நிற்கும் ஒரு துணை கிடைத்தது. துணையாக வந்த சங்கமே பெயர்த் தெளிவின்றி ஆர்டரை ஏற்று, குறையை நெசவாளியின் தலையில் வைக்குமாயின், தரகருக்கும் சங்கத்திற்கும் வேற்றுமை யாது? வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் எழுந்து, நம் அரக்குக்கு எண் உண்டா, மாதிரிச் சிட்டம் எங்கே என்று கேட்பார்களாக. அக்கேள்விக்கு விடைகூறும் நிலையில் ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் இருக்குமாக.